எடை

டோல்மினுக்கு மேலே, மலைப்பாதையில் கடைசி வீடு.
சக்கரத்தில் சங்கிலி கட்டிய என் கார்
மூச்சிரைத்து நின்றது.
பையில் தராசு, அளவுநாடா,
பதினோரு நாள் குழந்தைக்கு ஒரு படிவம்.
பெயர்: லோவ்ரோ.
எடை என்ற சொல்லுக்கு எதிரே
காலியாக ஒரு கட்டம்.

கதவைத் திறந்தவன் காஷ்பர், ஒன்பது வயது,
செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு.
பள்ளிக்கூடம்?
"வயிற்றுவலி" என்றான்
வயிற்றைத் தொடாமல்.

குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால்
வீட்டைப் பார்க்கிறவள் நான்.
கண்போடுவது என்று நினைப்பார்கள்.
இல்லை, எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

முற்றத்தில் மரம் ஏற்றும் லாரி.
ஓட்டுகிற இருக்கையில் தலையணை,
உறை போட்டது.
வாசலோரம் மூடி வைத்த சூப்புப் பானை,
மூடிமேல் நேற்றைய பனி.
சமையல் மேடையில் மாவு நிறுக்கும் தராசு,
அதன் தட்டில் மடித்த துவாலை.
பக்கத்தில் ஒரு நோட்டு:
இரவு ஒன்று, 3410.
ஒன்றே முக்கால், 3415.
மூன்று, 3405. இதன் கீழே இரண்டு கோடுகள்,
பென்சில் முனை ஒடிந்த தடம்.

பால் குடிக்கிறானா என்று நான் கேட்கவில்லை.
"நீங்கள் கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?"
டிங்கரா நோட்டைப் புரட்டினாள்
பதில் அதில் இருக்கும் என்பதுபோல.

தாளை விரித்தேன்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
உறவுக்குக் கோடு.
காஷ்பர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான்,
வயிற்றுவலி எங்கோ போயிருந்தது.
"நாய்க்கு?"
உனக்குத் தோன்றியதைப் போடு என்றேன்.
நாய்க்கு ஐந்து மூலை கிடைத்தது.
அந்தப் பானை யாருடையது?
"ஸ்டென்கா. தட்டுவாள். நாங்கள் திறப்பதில்லை."
அவளையும் வரைந்தோம்,
தாளின் ஓரத்தில், கதவுக்கு வெளியே.

அவனுக்கும் லோவ்ரோவுக்கும் நடுவே
நான் கொஞ்சம் இடம் விட்டிருந்தேன்.
கோப்பைப் படித்தவள்தானே.
கேட்கத்தான் வாய் வரவில்லை.
காஷ்பர் பென்சிலை வாங்கி
அந்த இடத்தில் வட்டம் போட்டான்,
ஒரு பட்டாணி அளவு.
"இதில் என்ன பேர் எழுதுவது?"

குளிர்பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"பிரீனா."
கதவருகே போகொமீர், தோளில் பனித்தூள்,
எப்போது வந்தான் தெரியாது.
"இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிராம்."

"இருபது" என்றாள் டிங்கரா
தலை நிமிராமல்.
"தொள்ளாயிரத்து இருபது."

அவன் தலையசைத்தான்.
இரண்டு வருடத்தில்
இருவரும் சேர்ந்து பார்த்த முதல் கணக்கு
அதுவாக இருக்கலாம்.

முறைப்படி அந்த வட்டத்தின்மேல்
பெருக்கல் குறி போடவேண்டும்.
நான் போடவில்லை.
மேலதிகாரி கேட்டால் மறந்தேன் என்பேன்.

மருந்து எதுவும் எழுதவில்லை.
மாவுத் தராசு மாவுக்கே போகட்டும்,
குழந்தையை வாரம் ஒருமுறை நான் நிறுக்கிறேன்.
இரவு இரண்டு மணிக்கு அழுதால்
லாரியில் இருப்பவன் எழுந்து வரவேண்டும்.
"தினமுமா?" என்று பேரம் பேசினான்.
ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று முடிந்தது.
பானையைத் திருப்பிக் கொடுக்கப் போவது காஷ்பர்,
நாயோடு.
பள்ளிக்கூடத்துக்கு வியாழன் என்றான்.
"நான் போயிருக்கும்போது இவர்களுக்கு ஏதாவது ஆனால்?"
ஓ, வயிற்றுவலி அல்ல,
காவலுக்கு நிற்கிறான் பிள்ளை.
டிங்கரா அதை அப்போதுதான் கேட்டாள்.
அவன் தலைமுடியில் கைவைத்து
எடுக்க மறந்துவிட்டாள்.

கீழே வளைவுவரை வந்த பிறகுதான்
படிவம் நினைவுக்கு வந்தது.
பின்னோக்கி ஓட்டி, சறுக்கி,
தராசோடு மறுபடி மேலே ஏறினேன்.

காஷ்பர் கதவைக் கையகலம் திறந்தான்.
"தூங்குகிறான்."
அம்மா?
"அவளும்."
உதட்டில் விரல்.
உள்ளே அடுப்பில் ஏதோ கொதிக்கிற வாசனை,
வெங்காயமும் பார்லியும்.

காருக்குள் அமர்ந்து
எடைக் கட்டத்தில்
"தூங்குகிறான்" என்று எழுதினேன்.
கட்டம் போதவில்லை,
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி
அடுத்த கட்டத்தில் விழுந்தது.